டியூக்குக்குப் போர்த்திய பொன்னாடை

பட்டிப்பொங்கல் எந்தக் கிழமையில் வந்தாலும் சிட்னியில் அது சனிக்கிழமையில்தான் வரும். மாடுகள் இதுவரை ஆட்சேபம் தெரிவித்ததில்லை. தெரிவிப்பதற்கு மாடுகள் அங்கே இருந்ததுமில்லை. மேற்குச் சிட்னித் தமிழ்ப் பண்பாட்டு ஒன்றியம் வருடாவருடம் கிரவீனில் ஒரு மண்டபத்தை எடுத்து, மட்டையில் வெட்டி வர்ணம் பூசிய பசு ஒன்றை மேடையில் நிறுத்தி, அதற்குத் தீபம் காட்டி வந்தது. போன வருடம் தீபத்துக்கும் மட்டைக்கும் இடையில் இருக்கவேண்டிய தூரம் இருக்கவில்லை. தீயணைப்புப் படை வந்து சேர்ந்தபோது பசுவின் பின்பாதிதான் மிஞ்சியிருந்தது.

அதே நாளில், ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோனவர்கள் பிளாக்டவுனில் நடத்தும் மன்றம், எங்கிருந்தோ ஒரு நிசக் கன்றைக் கொண்டுவந்து கட்டிப் படம் போட்டது. ஒன்றியத் தலைவர் நித்தியானந்தன் அந்தப் படத்தைத் தொலைபேசியில் விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார்.

"ஆட்டுக்குட்டி மாதிரிக் கிடக்கு," என்றார்.

கன்றுதான். அது அவருக்கும் தெரியும். அந்த வருடம் முழுவதும் அந்தக் கன்று அவருடைய நித்திரைக்குள் வந்து வாலாட்டிவிட்டுப் போனது.

அதனால்தான் இந்த வருடப் பட்டிப்பொங்கல் கன்னவாலாவில் என்று தீர்மானமானது. நீலமலைத் தொடருக்கு அப்பால், பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கும் மேலே போகவேண்டிய சிறிய ஊர். ஒரு காலத்தில் உள்நாட்டிலிருந்து மாட்டு மந்தைகளை வாரக்கணக்காக ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் அங்கேதான் மாடுகளை அடைத்துவிட்டுக் குடித்து, சண்டை பிடித்து, படுத்து எழும்பிப் போனார்கள். இப்போது அந்தப் பட்டிகளையும் குடிக்கடையையும் சவுக்கு வித்தையையும் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். சண்டை மட்டும் இல்லை. அதைப் பார்வையாளர்கள் கொண்டுவர வேண்டும், ஒன்றியம் கொண்டுபோனது.

அறிவித்தலில் 'கவ்போய் நகரில் பட்டிப்பொங்கல்' என்று இருந்தது. அந்த நாட்டில் மாட்டுக்காரரை யாரும் கவ்போய் என்பதில்லை, ஸ்டொக்மன் என்பார்கள் என்று செயலாளர் நிரஞ்சினி சொல்லிப் பார்த்தாள்.

"பிள்ளை, ஸ்டொக்மன் எண்டு போட்டால் எங்கட சனம் சேர் மார்க்கட் விளக்கக் கூட்டம் எண்டு நினைக்கும்," என்றார் நித்தியானந்தன். "அதுக்கும் வருவினம்தான். ஆனால் வேற ஆக்கள் வருவினம்."

அவர் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைவர் பதவியிலிருந்து ஓய்வு பெறும் எண்ணம் இல்லாதவர். அவருக்கு முன் தலைவராக இருந்த ஐயாத்துரைக்கும் அந்த எண்ணம் இருந்ததில்லை; ஓய்வு கொடுக்கப்பட்டது. அன்றிலிருந்து ஐயாத்துரை எல்லா நிகழ்ச்சிக்கும் வந்து முன்வரிசையில் இருந்து, பிழை நடக்கக் காத்திருப்பார். அவர் வெறுங்கையோடு வீடு திரும்பியது கிடையாது.

பஸ்ஸின் கடைசி இருக்கையில், பொங்கல் பானையை மடியில் வைத்தபடி செந்தூரன் இருந்தான்.

பானை சுட்டது. காலையில் நான்கு வீட்டு ரைஸ் குக்கர்களில் செய்த பொங்கலை ஒரு மண்பானையில் கொட்டி, துவாயால் சுற்றி, "குலுங்காமல் கொண்டுவாரும்" என்று அவனிடம் கொடுத்திருந்தார்கள். தை மாத வெயிலில் அந்தப் பக்கம் முழுக்க வெளியில் நெருப்பு மூட்டத் தடை. மூட்டினால் சிறை. ஆகவே பொங்கல் ஏற்கெனவே பொங்கியாயிற்று. கன்னவாலாவில் அது பொங்குவதுபோல் நடிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு மூன்று செங்கற்களும் சிவப்புக் கடதாசியும் ஒரு டோர்ச்சும், கடைசி நேரத்தில் பானை விளிம்பில் ஊற்ற ஒரு பெட்டிப் பாலும் நிரஞ்சினியின் பையில் இருந்தன.

செந்தூரனுக்கு முப்பத்தெட்டு வயது. படகில் வந்து பதின்மூன்று வருடம். பரமட்டாப் பக்கம் கார் கழுவும் இடத்தில் வேலை. அகதி விசா வழக்குகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றுப்போய், இனி அமைச்சர் தானாக மனமிரங்கினால்தான் உண்டு என்ற இடத்துக்கு வந்து நின்றிருந்தான். அதற்கும் காலம் குறுகிக்கொண்டு வந்தது. பணம் வாங்காமல் பார்க்கும் சட்டத்தரணி, ஒரு எம்.பி. அவனுக்காக ஒரு சொல் சொன்னால் உதவும் என்றிருந்தாள்.

"ஒரு சொல்லோ? இரண்டு சொல் சொல்லுவிக்கிறன்," என்று நித்தியானந்தன் நெஞ்சில் தட்டிச் சொன்னார். "பிரென்டா எனக்குத் தங்கச்சி மாதிரி. பட்டிப்பொங்கலுக்கு அவதான் பிரதம விருந்தினர். அண்டைக்கு அந்தப் பக்கத்தில அவவுக்கு ஒரு கூட்டமாம், போற வழியில இறங்குறா. அவவின்ர ஒபிசுக்கும் சொல்லிப்போட்டன், எங்கட பெடியன் ஒருத்தன்ர விசாப் பிரச்சினை ஒண்டு இருக்கெண்டு. நீர் வந்து நிண்டால் போதும்."

சொன்னது ஐப்பசியில். அதற்குப் பிறகு ஒன்றியத்தின் கதிரைகளை எல்லாம் செந்தூரன்தான் அடுக்கினான். ஒலிபெருக்கிப் பெட்டிகளை அவன்தான் தூக்கினான். நித்தியானந்தன் வீட்டுப் பின்வேலி புதிதானது. அவருடைய மகளின் காரும் பளபளத்தது. இதெல்லாம் அன்பினால் நடந்தவை. யாரும் யாரையும் கேட்கவில்லை.

பஸ் மலை வளைவுகளில் ஏறியபோது செந்தூரன் பானையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் முணுமுணுத்தான். மேடம், என் பெயர் செந்தூரன். நான் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது என் மகளுக்கு இரண்டு வயது. அதற்கு மேல் இன்னும் இரண்டு வசனம் இருந்தது. நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பயிற்சி எடுத்திருந்தான்.

முன்னால் வேறு பிரச்சினை போய்க்கொண்டிருந்தது.

ஒன்றியத்திடம் பொன்னாடைகள் மொத்தம் இரண்டுதான். ஒருவருக்குப் போர்த்துவார்கள், படம் எடுப்பார்கள், அவர் மேடையின் மற்றப் பக்கத்தால் இறங்கும்போது நிரஞ்சினி சிரித்தபடியே உருவிக்கொள்வாள். அடுத்தவருக்கு அதுவே. எழுத்தாளர், வைத்தியர், நாதஸ்வரக்காரர், தபால் அதிபர் என்று பேதமில்லாமல் அந்த இரண்டுமே எல்லோரையும் தழுவியிருந்தன. வெள்ளைக்காரருக்கு மட்டும் கொண்டுபோக விடுவார்கள். அவர்களிடம் திருப்பிக் கேட்க ஆங்கிலம் வராது.

"தலைவர், ஒரு சந்தேகம்," என்றார் ஐயாத்துரை, பஸ் முழுவதற்கும் கேட்கும்படி. "இண்டைக்குப் பொன்னாடை முதல் ஆருக்கு? எம்.பி.க்கோ, மாட்டுக்கோ?"

"இதென்ன கேள்வி? பிரதம விருந்தினருக்குத்தான்."

"அப்ப விழா நாயகன் ஆர்? பட்டிப்பொங்கல் எம்.பி.க்கே?"

"மாட்டுக்குக் கோவம் வராது, ஐயாத்துரை."

"எம்.பி.க்கு மட்டும் விளங்கவே போகுது? அவவுக்குத் தோளில துணி விழுந்தால் குளிருக்குப் போட்டிருக்கினம் எண்டு நினைப்பா. மாட்டுக்கு மரியாதை பிந்தினால் பிளாக்டவுன்காரர் சிரிப்பாங்கள்."

அந்தக் கடைசி வசனம் வேலை செய்தது. மலையிறங்கும்வரை வாதாடி, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் போர்த்துவது என்று முடிவானது. சரிகை வைத்தது எம்.பி.க்கு. சிவப்பு, மாட்டுக்கு.

கன்னவாலா வெயிலில் காய்ந்துபோய்க் கிடந்தது. ஒரு தெரு, மரத்தில் கட்டிய பழைய குடிக்கடை, கறுத்த கட்டைகளால் அடைத்த பட்டிகள், தொப்பி விற்கும் கடை. தெருவின் மற்றப் பக்கம் மதிலுக்கு அப்பால் நிசச் சந்தை இன்னும் நடந்தது. அங்கிருந்து மாடுகள் கத்தும் சத்தமும், குடிக்கடையின் பின்புறமிருந்து இறைச்சி வாட்டும் வாசமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. நிரஞ்சினி முன்பதிவு செய்த மலிவான பொதிக்குள் 'ஸ்டொக்மன் மதியச் சாப்பாடு' அடக்கம் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

"மரக்கறி ஏதும் இருக்கோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பாண் இருக்கு, அன்ரி."

ஒரு சின்னப்பெண் பட்டிக்குள் நின்ற எருதையும் புகைக்கூண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இஸ் தட் ஹிஸ் பிரதர்?" என்று கேட்டாள். தாய் அவளுடைய வாயைப் பொத்தினாள். மதியம் வந்தபோது, பாணுக்குள் இருந்ததைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமல் உண்பதும் ஒரு பண்பாடு.

எருதின் பெயர் டியூக். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, ஒரு சிறிய கொட்டில் அளவு உடம்பு. வேலியில் பித்தளைத் தகடு அறைந்திருந்தது. டியூக்கை விற்கவோ அறுக்கவோ கூடாதென்று ஊர்ச் சபை தீர்மானம் எடுத்திருப்பதாகவும், அவர் சாகும்வரை கன்னவாலாவின் நிரந்தர வாசி என்றும் அதில் இருந்தது.

செந்தூரன் அதை வாசித்தான். "அப்ப இவருக்கு பி.ஆர். கிடைச்சிட்டுது," என்றான்.

நிரஞ்சினி பெரிதாகச் சிரித்தாள். பிறகு சொன்னது யார் என்பது உறைத்து, பையைத் திறந்து டோர்ச்சைத் தேடத் தொடங்கினாள்.

பட்டியைப் பார்க்கும் பெண்ணின் பெயர் டெஸ். கைமுழுவதும் பச்சை குத்தியிருந்தாள். விதி இரண்டுதான் என்றாள். டியூக்கின் கயிற்றை யாராவது ஒருவர் எப்போதும் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கிறவர் பட்டியின் சப்பாத்து, பட்டியின் தொப்பி, பட்டியின் பெயர் எழுதிய தோல் மேற்சட்டை மூன்றும் போட்டிருக்க வேண்டும், காப்புறுதிக்காரரின் கட்டளை. தனக்கு அந்த நேரம் மற்றப் பக்கத்தில் சவுக்கு வித்தை இருக்கிறது. உங்களில் யார் பிடிக்கிறீர்கள்?

நித்தியானந்தன் பட்டுச் சட்டையும் ஜரிகை வேட்டியுமாக நின்றார். மேற்சட்டையைப் பார்த்தார். அது பல தலைமுறை வியர்வையைக் கண்டது.

"தம்பி செந்தூரன், நீர் பிடியும். நீர் வன்னிப் பக்கம்தானே, மாடு கன்று தெரியும்."

"அங்கிள், நான் முல்லைத்தீவுக் கடற்கரை. எனக்குத் தெரிஞ்சது வலை."

"எல்லாம் கயிறுதானே, ஐசே."

"அங்கிள்... மேடம் வரேக்க நான் அவவோட கதைக்கிறது?"

"அது என்ர பொறுப்பு. படம் எடுத்து முடிய நானே அவவைக் கையோட கூட்டிக்கொண்டு உம்மட்ட வாறன். நீர் கயிறை விடாதையும். அவ்வளவுதான் உம்மட வேலை."

செந்தூரன் சப்பாத்தைப் போட்டான், மேற்சட்டையைப் போட்டான், தொப்பியை வைத்தான். டியூக் அவனைக் கொஞ்ச நேரம் மோந்து பார்த்துவிட்டு, திரும்பி நின்று வாலைத் தூக்கி, அவனுடைய காற்சட்டையின் வலது காலில் முழங்கால்வரை சாணி போட்டது. பிறகு இருவருக்கும் இடையில் ஒரு சுமுகம் ஏற்பட்டது.

பொங்கல் பானை செங்கற்களின் மேல் ஏறியது. கீழே சிவப்புக் கடதாசிக்குள் டோர்ச் எரிந்தது. வெயிலில் அது எரிவது டோர்ச்சுக்கு மட்டும்தான் தெரிந்தது. கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழியவேண்டும் என்பதால் நிரஞ்சினி பால் பெட்டியோடு கிழக்கில் நின்றாள்.

"அது மேற்கு," என்றார் ஐயாத்துரை.

மூன்று தொலைபேசிகளில் திசைகாட்டி திறக்கப்பட்டது. மூன்றும் மூன்று பக்கம் காட்டின.

அப்போதுதான் பிரென்டா ஸ்டோக்வெல்லின் கார் வந்து நின்றது. ஐம்பது வயதிருக்கும், நல்ல சிரிப்பு. இருபது நிமிடம்தான் இருக்கிறது என்று காரிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டார். இருபது நிமிடத்தை ஒன்றியம் பேச்சுக்கான நேரமாகத்தான் புரிந்துகொண்டது.

நித்தியானந்தன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களை அறிமுகம் செய்தபடி நடந்தார். இவர் இருதய வைத்தியர். இவர் பொறியியலாளர். இவர்கள் இருவரும் கணக்காளர்கள். இவருடைய மகள் பல் வைத்தியர். உண்மையில் அந்த இருதய வைத்தியர் இருதயத்துக்கு மருந்து எடுப்பவர். ஆனால் சம்பந்தம் இல்லாமல் இல்லை.

"எங்கள் சமூகத்தில் கைவேலை செய்பவர்கள் என்று யாரும் இல்லை," என்று ஆங்கிலத்தில் முடித்தார்.

பிரென்டா வேலிப் பக்கம் பார்த்தார். தொப்பி, தோல் மேற்சட்டை, முழங்கால்வரை சாணி, கையில் கயிறு.

"அந்த மனிதர்? அவரும் பொறியியலாளரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

நித்தியானந்தனின் கண் சாணியில் போய் நின்றது. யோசிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை என்று பிற்பாடு சொன்னார். யோசிக்காதபோதுதான் அவருக்கு எல்லாம் தெளிவாக வரும்.

"இல்லை இல்லை, அவர் பட்டியின் ஆள். இந்த ஊர் ஸ்டொக்மன்," என்றார்.

பிரென்டா கையசைத்தார். செந்தூரனுக்கு அந்தப் பதில் கேட்டது. அவன் தொப்பியைத் தொட்டுத் தலையாட்டினான். அங்கிள் ஏதோ திட்டத்தோடுதான் சொல்கிறார், முறையாக அறிமுகம் செய்வதற்காக விட்டுவைத்திருக்கிறார் என்று நினைத்தான். நிரஞ்சினி தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் வாயைத் திறந்தாள். ஆனால் நேரலையில் அறுபத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பால் ஊற்றப்பட்டது. "பொங்கலோ பொங்கல்!" பிரென்டா அகப்பையால் ஆறிய பொங்கலைக் கிண்டி, எவ்வளவு சூடு என்று வியந்தார். அரசியலில் முப்பது வருடம் சும்மா இருக்கவில்லை அவர்.

பிறகு நித்தியானந்தன் பேசினார். மாட்டைக் கடவுளாக்கிய ஒரே நாகரிகம், ஏர், வரப்பு, ஐயாயிரம் வருடம். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். "இந்த நாட்டு அரசாங்கத்திடம் எங்கள் சமூகம் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை, கொடுத்துத்தான் பழக்கம்," என்றபோது குரல் தழுதழுத்தது. நன்றியுரை சொல்ல ஐயாத்துரை எழும்பினார். அவரை யாரும் கேட்கவில்லை. நன்றிக்கு அழைப்பு எதற்கு. அவர் நன்றியில் ஆறு நிமிடம் ஒன்றியத்தின் பொற்காலத்தைப் பற்றிப் போயிற்று. அது அவர் தலைவராக இருந்த காலம்.

பிரென்டா சுருக்கமாகப் பதில் சொன்னார். "என் அலுவலகத்துக்குத் தினமும் வருகிறவர்கள் எதையாவது கேட்கத்தான் வருகிறார்கள். இன்று ஒன்றும் கேட்காத மனிதர்களோடும் ஒன்றும் கேட்காத ஒரு எருதோடும் நிற்கிறேன். எவ்வளவு ஆறுதல்!"

கைதட்டினார்கள். செந்தூரனும் ஒரு கையால் தொடையில் தட்டினான். மற்றக் கையில் கயிறு.

இரண்டு பொன்னாடையும் ஒரே நேரத்தில் போர்த்தப்பட்டன. எம்.பி. கும்பிட்டார். டியூக் தன்னுடையதைத் திரும்பிப் பார்த்தது. பிளாஸ்ரிக் பூமாலையை ஏற்கெனவே நக்கிப் பார்த்துக் கைவிட்டிருந்தது. துணி பரவாயில்லை போலிருந்தது. படம் எடுத்தார்கள். "தம்பி, மாட்டின்ர முகம் தெரியேல்ல, நீர் கொஞ்சம் பின்னுக்கு ஒதுங்கும்," என்று ஐயாத்துரை சத்தம் போட்டார். கயிற்றின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் செந்தூரன் ஒதுங்கினான்.

படம் முடிந்தது. நித்தியானந்தன் எம்.பி.யைக் கூட்டிக்கொண்டு நடந்தார். வேலியை நோக்கி அல்ல, காரை நோக்கி.

செந்தூரன் பார்த்தான். கார் நின்ற இடம் பட்டியின் அடுத்த பக்கக் கடப்பு வாசலுக்கு நேரே. டியூக்கை மெல்ல இழுத்துக்கொண்டு வேலியோரமாக அவர்களுக்குச் சமாந்தரமாக நடந்தான். அங்கிளுடைய குரல் தாழ்ந்து கேட்டது. சமூக சேவைக்காக அரசாங்கம் கொடுக்கும் பதக்கத்தைப் பற்றி அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு ஒருவரை இன்னொருவர்தான் முன்மொழிய வேண்டுமாமே, தானே முன்மொழிய முடியாதாமே, இது கொஞ்சம் சங்கடமான விதி இல்லையா. எம்.பி. பார்க்கிறேன் என்றார். கார்க் கதவைத் திறந்தார். பிறகு நினைவு வந்து நின்றார்.

"நித்தி, உங்கள் ஆள் ஒருவருக்கு விசாப் பிரச்சினை என்று அலுவலகத்தில் சொன்னார்களே? இன்று வருவார் என்றார்கள். எனக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது. எங்கே அவர்?"

நித்தியானந்தன் திரும்பினார். கடப்புக்கு அப்பால், பத்தடி தூரத்தில், சாணியோடும் தொப்பியோடும் செந்தூரன் நின்றான். இருவருடைய கண்களும் சந்தித்தன. அவரை அறிந்தவர்கள் சொல்வது, அவர் கெட்டவர் இல்லை என்று. உண்மைதான். கெட்டவராக இருந்திருந்தால் அந்த இடத்தில் கொஞ்சமாவது கணக்குப் பார்த்திருப்பார். அவருக்கு வந்தது வெட்கம் மட்டும்தான்: சற்று முன் ஊர் ஸ்டொக்மன் என்று காட்டிய ஆளை இப்போது எங்கட பெடியன் என்று எந்த முகத்தோடு காட்டுவது?

"அவர் வரவில்லை," என்றார். "இன்று சுகமில்லை."

செந்தூரன் கயிற்றை விட்டான்.

கடப்பைத் தள்ளித் திறந்துகொண்டு வந்து எம்.பி.க்கு முன்னால் தொப்பியைக் கழற்றினான். "மேடம், அது நான்தான்," என்றான். பயிற்சி எடுத்த நான்கு வசனமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. "நான்தான் அந்த ஆள்."

பிரென்டா அவனுடைய மேற்சட்டையில் பொறித்திருந்த பட்டியின் பெயரைப் பார்த்தார். பிறகு நித்தியானந்தனைப் பார்த்தார்.

நித்தியானந்தன் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "நல்ல பகிடிக்காரன்," என்றார் ஆங்கிலத்தில். "வேலிக்கப்பால் நின்று நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறான்."

நம்புவதற்கு இரண்டு கதை இருந்தது. ஒன்றுக்கு ஐந்து நிமிடமும் பல மாத வேலையும் வேண்டும். மற்றதற்குச் சிரிப்பு மட்டும் போதும். பிரென்டா ஒரு கணம் தயங்கினார், அது உண்மை. அந்தக் கணத்தில் செந்தூரன், "மேடம், என் மகளுக்கு..." என்றான். அவனுக்குப் பின்னால் டெஸ் தூரத்திலிருந்து கெட்ட வார்த்தையால் கத்தினாள். திறந்திருந்த கடப்பால் டியூக் வெளியே வந்துகொண்டிருந்தது. முதுகில் சிவப்புப் பொன்னாடை, வாயில் அதன் மூலை. சும்மா நடந்துதான் வந்தது. நடந்து வந்தாலும் எருது எருதுதான். வைத்தியர்களும் பொறியியலாளர்களும் பஸ்ஸை நோக்கி ஓடினார்கள். நித்தியானந்தன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரின் மற்றப் பக்கத்துக்குப் போனார். அந்த வயதில் அவ்வளவு வேகம் யாரும் எதிர்பார்க்கவில்லை. பிரென்டா காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார்.

கண்ணாடி நாலு விரல் இறங்கியது. "இந்தப் பக்கத்து ஆட்களின் பகிடி எனக்குப் பிடிக்கும்," என்றார் செந்தூரனிடம். "உன் எருதைப் பிடி, மேட்."

கார் போயிற்று. டியூக் செந்தூரனின் பக்கத்தில் வந்து நின்று மென்றது. டெஸ் ஓடிவந்து கயிற்றை எடுத்தாள். அவனை ஏச வாயெடுத்தவள், அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு எருதை ஏசினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நித்தியானந்தன் எழும்பிக் கடைசி இருக்கைவரை வந்தார். செந்தூரனின் மடியில் வெறும் பானை இருந்தது.

"நீர் அவசரப்பட்டிட்டீர், தம்பி. நான் அவவைத் தனியச் சந்திச்சு, ஆறுதலாக் கதைக்கத்தான் இருந்தனான். இப்ப பாரும். கயிறையும் விட்டு, அவவையும் பயப்படுத்தி... இனி நான் எந்த முகத்தோட போறது?"

"அங்கிள், நீங்கள் நான் வரேல்ல எண்டு சொன்னனீங்கள்."

"அந்தக் கோலத்தில உம்மைக் காட்டினால் உமக்குத்தான் கூடாது. உம்மட நன்மைக்குத்தான் சொன்னனான்." அவர் குரல் உடைந்தது. சொல்லச் சொல்ல அவரே நம்பத் தொடங்கிவிட்டார். "தீபாவளிக்கு அவ திரும்ப வருவா. வடிவா ஒரு கோட் போட்டுக்கொண்டு வாரும். முதல் ஆளா நான் காட்டுறன்."

"தீபாவளிக்கு நான் இருப்பனோ தெரியாது, அங்கிள்."

"சீச்சீ, அப்பிடிச் சொல்லக்கூடாது. நல்ல நாளும் அதுவுமா."

முன்னாலிருந்து ஐயாத்துரை திரும்பினார். "தலைவர், பிளாக்டவுன்காரரின்ர கன்று ஓடேல்லயாம் என்ன?"

அன்று மாலையே ஒன்றியத்தின் பக்கத்தில் படம் ஏறியது. நிரஞ்சினி நேரலையில் கடைசி இரண்டு நிமிடத்தை வெட்டியிருந்தாள். படத்தின் கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள் இருந்தன: தலைவர், எம்.பி., முன்னாள் தலைவர், செயலாளர், டியூக். ஓரத்தில் ஒரு கையும் கொஞ்சம் கயிறும் தெரிந்தன. வாழ்த்துகள் குவிந்தன. 'மாடு வலு கம்பீரம்' என்று பிளாக்டவுனிலிருந்தே ஒருவர் எழுதியிருந்தார்.

பங்குனியில் செந்தூரன் தானே விரும்பி நாடு திரும்புவதாகக் கையெழுத்து வைத்தான். விரும்பாவிட்டால் பிடித்து அனுப்புவோம் என்று சொன்ன பிறகு வந்த விருப்பம் அது.

ஒன்றியம் சும்மா இருக்கவில்லை. கிரவீன் மண்டபத்தில் பிரியாவிடை வைத்தது. கதிரைகளை அடுக்கக் கைவசம் வேறு ஆள் இல்லாததால் செந்தூரன் நேரத்தோடு வந்து அடுக்கிவிட்டு, முகம் கழுவி, கோட் போட்டுக்கொண்டு மேடையில் ஏறினான். அந்த மேடையில் அவன் ஏறியிருப்பது ஒலிபெருக்கியோடுதான். வெறுங்கையோடு ஏறுவது அன்றுதான் முதல் தடவை. எம்.பி. வரவில்லை, வாழ்த்து அனுப்பியிருந்தார். ஒன்றியத்தின் உழைப்பாளி உறுப்பினர் ஒருவர் தாயகம் திரும்புவதையிட்டு மகிழ்வதாக அதில் இருந்தது.

நித்தியானந்தன் அழுதார். நிசமாகவே அழுதார். "இந்தப் பிள்ளைக்காக நான் ஏறாத படியில்லை," என்றார் ஒலிவாங்கியில். "எம்.பி.யோட நேருக்கு நேர் கதைச்சனான். நீங்கள் எல்லாரும் பாத்தனீங்கள்." பார்த்தவர்கள் தலையாட்டினார்கள்.

பொன்னாடை வந்தது. சரிகை வைத்தது பிரென்டாவோடு போய்விட்டதால் சிவப்புத்தான். தோளில் விழுந்தபோது செந்தூரனுடைய விரல் தற்செயலாக அதன் மூலையில் பட்டது. கழுவி மினுக்கியிருந்தார்கள். ஆனாலும் அந்த மூலை பிய்ந்து, நூல் நூலாக, கொஞ்சம் விறைப்பாக இருந்தது. படம் எடுத்தார்கள். இந்தத் தடவை அவனுடைய முகமும் வந்தது.

படி இறங்கும்போது நித்தியானந்தன் கண்ணைத் துடைத்தபடி அவனுடைய காதருகே குனிந்தார்.

"தம்பி, பொன்னாடையை நிரஞ்சினியிட்டக் குடுத்திட்டுப் போம். வாற சனி எங்களுக்கு ஒரு விழா இருக்கு."

செந்தூரன் கழற்றினான். பழக்கதோஷம்தான், டியூக் கடித்த மூலை வெளியில் தெரியாதபடி உள்ளே வைத்து, நான்காக மடித்துக் கொடுத்தான்.